இழுவையா, ஓட்டமா

"ரெண்டும் ஒரே வண்டியில வராது தம்பி. இழுவை வேணும்னா ஓட்டம் குறையும், ஓட்டம் வேணும்னா இழுவை போயிடும். உனக்கு எது?"

மெக்கானிக் நடராசன் கேட்டுவிட்டு, கழற்றிப் போட்ட சைலன்சருக்குள் கம்பியை விட்டுக் கரியைக் குடைந்தார்.

கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்திருந்த இளையபெருமாள் யோசிக்கவே இல்லை. ஓட்டம்தான் என்றான். உயிரோடு வீடு போய்ச் சேருகிற ஓட்டம்.

அவன் ஒன்றும் மிகையாகச் சொல்லவில்லை. குடவாசல் கடைத்தெருவுக்கே தெரிந்த சங்கதி. விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் அவன். பண்ணை உச்சவரம்புக்கு மேலே உள்ள தன் நிலத்தை யார் யார் பேரில் ஒளித்து வைத்திருக்கிறது என்று திங்கட்கிழமை விசாரணையில் எழுந்து நின்று சொல்லப்போகிறவன். போன வாரம் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் துரத்தினார்கள். அந்த ஓட்டை மொபெட்டை வாய்க்காலில் சாய்த்துவிட்டு, பால் பிடித்த பயிருக்குள் குப்புறப் படுத்துத் தப்பித்தான்.

கோட்டையில் எத்தனை தரம் ஆள் மாறினாலும் பண்ணையின் அரிவாளுக்குப் பிடி மாறவில்லையே அண்ணே என்று சொல்லி, அதற்கும் அவனே சிரித்தான்.

மெக்கானிக்கிடம் மறைத்தால் வண்டி படுத்துவிடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. வைத்தியரிடம் நாக்கை நீட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். நடராசனும் கேட்காமல் ஒரு திருப்புளியைத் தொடமாட்டார்.

கேட்டார்.

எந்த வழியாகப் போகிறாய்? மெயின் ரோடு ஆகாது அண்ணே, ஆற்றங்கரை வழிதான். யாருக்கும் தெரியாது.

பளு உண்டா, பின்னால் யாரும் ஏறுவார்களா? முன்னெல்லாம் பெண்டாட்டி அம்சம் ஏறுவாள். இப்போது அவளை ஏற்றுவதில்லை, தனிதான்.

எஞ்சின் சூட்டோடு போகுமா, ஆறிப்போய்க் கிளம்புமா? இங்கிருந்து சங்கத்துக்குப் போய்விட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் கிளம்புவேன். ஆறித்தான் இருக்கும்.

மேடு எங்கேயாவது ஏறணுமா என்று கேட்டபோது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம சீமையில் மேடு ஏது? தாம்பாளம் மாதிரிக் கிடக்கிற பூமி. நாலுகண் மதகுக்கு மேலே பாதை கொஞ்சம் தூக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். அங்கே மட்டும் வண்டி முக்கும். பெடலை மிதித்துக் கொடுத்தால் ஏறிவிடும்.

"அத நான் பாத்துக்கிறேன்" என்றார் நடராசன்.

பின்சக்கரத்துப் பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதைவிடச் சின்னதாக ஒன்றை மாட்டினார். கார்ப்பரேட்டர் ஊசியை ஒரு காடிப் பள்ளம் மேலே தூக்கினார். சிலிண்டரில் பெட்ரோல் புகுகிற வாயை அரத்தால் தடவினார், ஊதினார், கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார், மறுபடி தடவினார். வெண்ணெயைத் தொடுகிற மாதிரி விரல் வழுக்கிய பிறகுதான் அரத்தைக் கீழே வைத்தார். வேலையில் ஒரு சொட்டை சொல்ல முடியாது.

ஓட்டிப் பார் என்றார்.

கடைத்தெருவின் மேடுபள்ளமில்லாத ரோட்டில் அந்த மொபெட் விட்ட அம்பாகப் போனது. பூக்காரி செவ்வந்தி கூடையை அள்ளிக்கொண்டு ஒதுங்கினாள். எந்தச் சாவுக்குடா இந்தப் பறப்பு என்று அவள் ஏசியது காதில் விழுவதற்குள் அவன் தேரடியைத் தாண்டியிருந்தான்.

காற்றில் கண் கலங்கத் திரும்பி வந்தான். "இனிமே தொரத்தட்டும்ணே, பாப்பம்."

நடராசன் புத்தி சொன்னார். எடுத்த எடுப்பில் முறுக்காதே, ஓட ஓடத்தான் வேகம் கூடும். மெதுவாக எடு.

சரி அண்ணே என்றான். கரியும் கிரீசுமாக இருந்த கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சத்தம் தெருக்கோடியில் கரைந்தது.

நடராசன் மண்ணெண்ணெயில் நிதானமாகக் கையைக் கழுவினார்.

இளையபெருமாள் துருவித் துருவிச் சேர்த்த பெயர்களில் பண்ணையின் சமையல்காரர் இருந்தார், டிரைவர் இருந்தார், செத்துப்போன கணக்குப்பிள்ளைகூட இருந்தார். ஒரு வேலி நஞ்சை நடராசன் பேரில் கிடப்பது மட்டும் அவனுக்கு இன்னும் எட்டியிருக்கவில்லை. விசாரணை நின்றுபோனால், பேருக்கு இருப்பது உனக்கே இருக்கட்டும் என்று பண்ணையில் சொல்லியிருந்தார்கள்.

எதிர் டீக்கடையின் பின்கட்டில், பண்ணையின் காரியக்காரர் சாமிதுரை ஆறிப்போன டீயோடு காத்திருந்தார். நடராசன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"விளக்கு வைக்கிற நேரம், நாலுகண் மதகு. பெடல மிதிச்சாலும் மேட்டுல ஏறாது. எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் வருவான்."

சாமிதுரை எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

வாசல்வரை போனவரை நடராசன் கூப்பிட்டார்.

"வண்டி மேல வெட்டு விழாம பாத்துக்கச் சொல்லுங்க. நல்லா வந்திருக்கு."