சிண்டுவின் பத்தியம்

நாய்க்குட்டி சிண்டுவுக்குக் கோழி ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொன்னதிலிருந்து, கணவன் கதவைச் சாத்திக்கொண்டுதான் கோழிக்கறி சாப்பிட முடிந்தது. அப்படியும் சிண்டுவின் வயிற்றில் அரிப்பால் வந்த சிவப்பு மறையவில்லை. சோபா முழுக்க முடி.

"நீங்கதான் அவனுக்குத் திருட்டுத்தனமா கோழி போடுறீங்க!" என்று மனைவி கரித்துக் கொட்டினாள். சத்தியம் செய்தே அவனுக்கு வாய் வலித்தது.

மறுபடியும் டாக்டரிடம் போனார்கள்.

"அரிப்பு மாத்திரை ஒழுங்கா குடுக்கிறீங்களா?"

"இவரை நம்ப முடியுமா டாக்டர்? நானே என் கையால குடுக்கிறேன். ஒரு வேளை தவறினதில்ல."

"பயங்கரமா கசக்குமே, துப்பிடாதா?"

"துப்புறதாவது!" மனைவிக்குப் பெருமை பிடிபடவில்லை. "கோழித் துண்டுக்குள்ள வச்சுத்தானே குடுக்கிறேன். லபக்குனு முழுங்கிடுவான்!"