ஜன்னலைச் சாத்து

"முதல்ல ஜன்னலச் சாத்து, தபிதா," என்றார் எல்க்கானா வின்ஸ்லோ, மனைவியிடம்.

"புழுங்குதுங்க."

"சாத்துன்னா சாத்தேன்! எவன் காதுலயாவது விழுந்து தொலைக்கப் போகுது."

1798ஆம் வருடக் கோடை. பிரான்சோடு போர் வரப்போகிறது என்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் முழுக்க ஒரே பேச்சு. அன்று காலையில்தான் தபிதாவின் தம்பி காலேபைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"அப்படி என்னத்தக் கேட்டுட்டான்? இங்கிலாந்து ராஜாவோட நாம சண்டை போட்டப்போ கப்பல் அனுப்பி உதவினவன் பிரான்சுக்காரன், அவன் மேல இப்ப எதுக்கு பீரங்கின்னு சாராயக்கடையில கேட்டான். இது குத்தமா?" என்று பொருமினார் எல்க்கானா.

"மெதுவாப் பேசுங்க."

"ஜனாதிபதியக் குறை சொன்னா ஜெயில்னு ஒரு சட்டம்! இதுக்கா ராஜாவ விரட்டினோம்? என் வீட்டுக்குள்ளயே நான் குசுகுசுன்னு பேச வேண்டியிருக்கு. த்தூ!"

கதவு தட்டப்பட்டது. தபிதா தாழ்ப்பாளை விலக்கினாள்.

வாசலில் முரசோடு ஒரு கூட்டம். எல்லார் தொப்பியிலும் ஜனாதிபதி கட்சியின் கறுப்பு ரிப்பன்.

"வின்ஸ்லோ அய்யா! நம்ம பிரதிநிதியா காங்கிரஸ் சபைக்குப் போயி, துரோகிங்க வாய அடைக்கிற சட்டத்துக்குக் கை தூக்கிட்டு வந்திருக்கீங்க! நாலு வார்த்தை பேசுங்கய்யா!"

எல்க்கானா ஆணியில் மாட்டியிருந்த தன் தொப்பியை எடுத்தார். அதிலும் கறுப்பு ரிப்பன். மெல்ல அணிந்துகொண்டார்.

"எல்லாம் நாட்டுக்காகத்தான்," என்றார்.

கூட்டம் ஆரவாரம் செய்தது.

தபிதா நேரே போய் ஜன்னலை அகலத் திறந்தாள்.

"இப்பச் சொல்லுங்க," என்றாள். "காலேப் கேட்டது குத்தமா?"