காதுக்குள் கடல்

"உஷ்... யாரும் பேசாதீங்க. கடல் வேலை செய்யுது" என்று கிசுகிசுத்தார் தியான ஆசிரியர்.

மூன்றாம் எண் நாற்காலியில் அந்த அம்மாள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். முடி கொட்டிய தலையில் பருத்தித் துணி, இரண்டு காதிலும் இயர்போன், மடியில் கைப்பேசி. புற்றுநோய்க்கான நான்காவது தவணை மருந்து பக்கத்துக் கம்பியில் தொங்கியது. இன்னும் ஏற்றவில்லை.

ரத்த அழுத்தம் இறங்கினால்தான் ஏற்றலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். போன வாரம் இறங்கவே இல்லை; அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றும் திரும்பிப் போனால் சிகிச்சை ரொம்பத் தள்ளிப் போய்விடும்.

"போன வாரம் நான் லீவு. அதான் ஏறிடுச்சு" என்றார் ஆசிரியர். "இப்ப ஓடுறது நானே பேசிப் பதிவு பண்ணி, போன மாசமே அவங்க போன்ல ஏத்திக் கொடுத்த தியானம் சிஸ்டர். பின்னால அலைச் சத்தம். மொத்தம் இருபது நிமிஷம்."

"நீங்க சும்மா இருந்தா நான் பிரஷர் பார்ப்பேன் சார்" என்றாள் நர்ஸ்.

நூற்று எழுபத்தாறில் இருந்தது நூற்று ஐம்பத்தெட்டுக்கு வந்தது. அம்மாளின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. பிறகு அவருடைய வலது கை மெல்ல உயர்ந்து, மேலே எதையோ சுட்டிக் காட்டிவிட்டு இறங்கியது.

"பார்த்தீங்களா! நட்சத்திரம் தெரியுது அவங்களுக்கு. பன்னிரண்டாவது நிமிஷத்துல வானத்துக்குக் கூட்டிட்டுப் போவேன்."

"திரும்பக் கூட்டிட்டு வந்துடுவீங்கல்ல?"

நூற்று முப்பத்திரண்டு. நர்ஸ் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து குழாயைத் திறந்தாள். மருந்து சொட்டத் தொடங்கியது.

ஆசிரியருக்கு ஆசை தாங்கவில்லை. "எந்த இடத்துல இருக்கோம்னு பார்க்கலாமாம்மா?" என்று ஒரு பக்க இயர்போனை மெதுவாக எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டார்.

ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. "டேய், இன்னும் உப்பு டப்பா கிடைக்கலடா, எங்கடா வெச்சிருக்கா உங்கம்மா?" என்று ஓர் ஆண்குரல் அலறியது. "கத்தாதீங்கப்பா, இங்க பால் பொங்குது!" என்றது இன்னொரு குரல்.

ஆசிரியர் விழித்தார். "என்னம்மா இது?"

அம்மாள் கண்ணைத் திறந்தார். "எங்க வீட்டு அடுப்படி சார். உப்பு டப்பா மேல் தட்டுலதான் இருக்கு. காலையில அப்பனும் மகனும் போட்ட கூத்து. அவங்களுக்குத் தெரியாம பதிவு பண்ணிட்டு வந்தேன்."

"அப்போ என் கடல்?"

அம்மாள் நர்ஸை ஒருமுறை பார்த்தார். பிறகு, மனசு நோகக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"போன வாரம் அதைக் கேட்டுத்தான் சார் ஏறிச்சு."