நூற்றெண்பது டிகிரி

டியூப்லைட் வெளிச்சத்தில் மேலாளர் அறைச் சுவரில் காப்புரிமைச் சான்றிதழ் பளபளக்கிறது. ரப்பர் கலந்த சாலைத் தார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர். மூன்று வருடம் கொப்பரையருகே வெந்து அதைக் கண்டுபிடித்தவள் நான். என் நகக்கண்ணில் இன்னும் தார் இருக்கிறது. "புது ஆலையில கலவை கருகுதாம், என்னன்னு கொஞ்சம் பாரும்மா" என்று இனிக்க இனிக்கப் பேசுகிறார். சான்றிதழின் கண்ணாடியை நெருங்கி, கீழே உள்ள செய்முறைச் சுருக்கத்தைப் படிக்கிறேன். என் நோட்டிலிருந்த நூற்றெண்பது டிகிரி அப்படியே அச்சாகியிருக்கிறது. எங்கள் ஓட்டை தெர்மாமீட்டர் உள்ளதைவிட இருபது டிகிரி கூட்டிக் காட்டும்; உண்மையில் வேண்டியது நூற்றறுபதுதான். கொப்பரையருகே ஒரே ஒரு நாள் நின்றிருந்தால்கூடத் தெரிந்திருக்கும். அவர் பக்கம் திரும்புகிறேன். "கண்டுபிடிச்சவரு நீங்கதானே சார், உங்களுக்குத் தெரியாததா?"