சாம்பாருக்கு வந்த தீர்ப்பு

கலப்பட மிளகாய்ப்பொடி விற்ற குற்றத்துக்காக மாசிலாமணிக்கு ஏழு வருடச் சிறையோடு சுவைநீக்கமும் விதித்திருந்தார்கள். தண்டனை முடியும்வரை நாக்கில் எந்த ருசியும் தெரியாது. அப்படிப்பட்டவரைக் கொண்டுபோய்ச் சமையலறையில் போட்டது சிறை நிர்வாகத்தின் புத்தி.

தினமும் பரிமாறும்போது, "உப்பு சரியா இருக்காப்பா?" என்று கைதிகளிடம் கேட்பார்.

"அமிர்தம்ணே!" என்பார்கள்.

மேல்முறையீட்டில் நேற்று தீர்ப்பு வந்தது. ருசியும் வாழ்வுரிமையில் சேர்த்தி, அதைப் பறிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லி, சுவைநீக்கத்தை மட்டும் ரத்து செய்துவிட்டார்கள். இன்று காலை நாக்குக்கு உயிர் வந்தது.

மாசிலாமணி நேரே ஓடிப்போய், தான் வைத்த சாம்பாரைக் கரண்டியில் எடுத்து வாயில் விட்டார். ஒரே கரிப்பு. துப்பினார். மூன்று வருடமாக இதையா இந்தப் பாவிகள், என் மனசு நோகக்கூடாதென்று அமிர்தம் என்றார்கள்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்டாவைக் கவிழ்த்தார். புதிதாக வைத்தார்.

சாப்பாடு தாமதமானது. வரிசையில் முதலில் நின்ற ஜக்கரியா ஒரு வாய் தின்றான். இன்னொரு வாய் தின்றான். பிறகு பின்னால் திரும்பிக் கத்தினான்:

"டேய், கேஸ்ல ஜெயிச்சிட்டோம்டா!"