பெயர் மறைத்த தாள்

மெல்பர்னின் அந்தக் கால்பந்து கிளப்பில், பெயரை மறைத்துவிட்டுப் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்தே ஆட்டக்காரர்களை எடைபோடுவார்கள். அணிப் பட்டியலாகச் சுவர்ப் பலகையில் ஒட்டியிருக்கும் பெயர்க் காந்தங்களில், தேறாதவர்களுடையது கழற்றப்பட்டுவிடும்.

கேப்டன் லாக்லன் கடைசித் தாளைப் படித்தான். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"தடுப்பாட்டக்காரன். வயசு முப்பத்திமூணு. முழங்கால்ல ரெண்டு ஆபரேஷன். ஓட்டம் போச்சு. இவன் இடத்துக்கு ரெண்டு பேர் தயாரா இருக்காங்க. அனுப்பிடலாம்."

"இன்னும் ஒரு வருஷம் குடுத்துப் பார்க்கலாமேப்பா," என்றார் கோச் டெஸ்.

"இரக்கப்பட்டா டீம் உருப்படாது, கோச்."

பெயரை மறைத்த காகிதப் பட்டையை டெஸ் தயங்கித் தயங்கிப் பிரிக்கப் போனார்.

"பிரிக்க வேணாம். என் முழங்கால் எனக்குத் தெரியாதா?" என்ற லாக்லன், தன் பெயர்க் காந்தத்தைக் கழற்றி அவர் கையில் வைத்தான்.