கையில சுத்தமா இல்லக்கா

உறவினர் யாராவது பணம் கேட்டால் இளவழகனின் குரலிலேயே மறுத்துவிடும் கருவி, அவன் சட்டைப்பையில் இருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கைமாத்துக் கேட்ட அக்கா பூங்கோதையிடம் நேற்று அது அழாத குறையாகச் சொன்னது: "கையில சுத்தமா இல்லக்கா. வீட்ல அடுப்பெரியறதே பெரும்பாடா இருக்கு."

இளவழகன் மெச்சிக்கொண்டான். அவனுக்கு இவ்வளவு உருக்கமாகப் பேச வராது.

இன்று காலை அக்கா வாசலில் நின்றாள். தூக்குவாளியில் இட்லி, கவரில் பணம். எப்போதும் போட்டிருக்கும் வளையல்களைத்தான் காணவில்லை.

"இவ்ளோ கஷ்டத்துல இருக்கேன்னு முன்னாடியே சொல்றதுக்கென்னடா? ஃபீசுக்கு நான் தவணை கேட்டுக்கறேன். மொதல்ல நீ இத வச்சுக்க."

இளவழகன் வாய் திறப்பதற்குள் சட்டைப்பை அவன் குரலில் பேசியது.

"இது பத்தாதேக்கா."